இலகுவான சவாரி யாருக்கு?

நுவரெலியாவின் கிரகரி வாவி தேசாதிபதி வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873 இல் அமைக்கப்பட்டது. அதன் கரையோரத்தில் நண்பர்கள் கூடி மட்டக்குதிரைச் சவாரி செய்வது உல்லாசப் பயணிகளின் வழமை. காட்சி இனியது, ஏறுவோர்க்கு யாதொரு சிரமமுமில்லை. அவ்விலகு யாருடையது என்பதே ஒழுக்கவியல் எழுப்பும் வினாவாகும்.

1789 இல் வெளிவந்த தமது நூலில் பெந்தம், பகுத்தறிவையன்றித் துன்புறும் ஆற்றலையே அளவுகோலாகக் கொண்டார். கான்றோ, நெடுநாள் உழைத்த முதிய குதிரைக்கு நன்றி பாராட்டுவதைக்கூட, மனிதன் தனக்குத்தானே ஆற்றும் கடமையாகவே 1797 இல் கருதினார். மிருகத்திடம் கொடுமை பழகுபவனின் இரக்கம் மழுங்கும் என்பது அவர் வாதம். ஆயின் சிரித்துப் பேசிச் செல்லும் நண்பர்களுள் எவரும் கொடியவரல்லர். ஒருவர் இறங்க மற்றொருவர் ஏறுகையில், களைப்பு மட்டும் இறங்குவதில்லை. கொடுமையற்ற நெஞ்சும் துன்பம் விளைவிக்கலாம் என்பதால், இங்கு பெந்தத்தின் அளவுகோலே பொருத்தமானது.

சவாரி முற்றாகத் தவறெனின், குதிரைக்காரரின் சீவனோபாயம் யாது? உழைக்காத குதிரைக்குத் தீனி இடுவார் யார்? இவ்வாட்சேபம் வலியது. எனினும் அது சவாரியை நியாயப்படுத்துமேயன்றி, ஓய்வின்மையை நியாயப்படுத்தாது. கூலியைக் குறைக்கப் பேரம் பேசுபவர் அறியாமலே குதிரையின் ஓய்வைக் குறைக்கின்றார்; குறைந்த கூலியை ஈடுசெய்ய இன்னுமொரு சுற்றுச் சுமக்கவேண்டியது அதுவேயன்றோ?

சம்மதிக்கவோ மறுக்கவோ வாயில்லாத உயிரிடம் வேலை கொள்பவர், அது மறுக்கக்கூடிய வேளையைத் தாமே உணர்தல் வேண்டும். இறங்கத் தெரியாதவர்க்கு ஏறும் உரிமையில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபாகும்.