யாருடையதை யார் நேர்ந்துகொள்வது?

கிரஹாம் கிரீன் 1951-ல் வெளியிட்ட 'தி எண்ட் ஆஃப் தி அஃபேர்' நாவல் முழுவதும் ஒரே ஒரு வேண்டுதலைச் சுற்றி நடக்கிறது. 1944 ஜூன். ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டுகள் லண்டன் மீது விழத் தொடங்கிய நேரம். எழுத்தாளன் பெண்ட்ரிக்ஸும் அரசு அதிகாரி ஹென்றியின் மனைவி சாராவும் அவன் அறையில் இருக்கிறார்கள். கீழ்த்தளத்தைப் பார்த்து வரப் போனவன் மீது, குண்டு அதிர்ச்சியில் வாசற்கதவு பெயர்ந்து விழுகிறது. இறங்கி வந்த சாராவுக்குக் கதவுக்கடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கைதான் தெரிகிறது. தொட்டுப் பார்க்கிறாள், செத்துவிட்டான் என்றே நினைக்கிறாள். மேலே போய் மண்டியிடுகிறாள். அதுவரை கடவுளை ஏறெடுத்தும் பார்க்காதவள், அவனுக்கு உயிர் கொடுத்தால் அவனை அடியோடு விட்டுவிடுகிறேன் என்று நேர்ந்துகொள்கிறாள். சற்று நேரத்தில் அவன் நடந்து வருகிறான்.

கணவன் இருக்கும்போது அந்த உறவே தவறு, வேண்டுதல் இல்லாவிட்டாலும் அவள் விலகியிருக்க வேண்டியவள்தானே என்று ஒரு வாதம் உண்டு. சரியான வாதம்தான். ஆனால் ஹென்றிக்கு நியாயம் செய்வதற்காக அவள் விலகவில்லை. கடன் ஒருவரிடம் பட்டு, திருப்பிக் கொடுத்தது இன்னொருவரிடம். அதனால் அந்த வாதத்தை வைத்து இந்த வேண்டுதலை எடைபோட முடியாது.

எடைபோட வேண்டிய கேள்வி வேறு. தலைமுடியை நேர்ந்துகொள்ளலாம், நகையை நேர்ந்துகொள்ளலாம், இழப்பு நேர்ந்துகொண்டவருடையது. காதலை நேர்ந்துகொண்டால், பாதி இழப்பு கேட்காமலே இன்னொருவர் தலையில் விழுகிறது. பெண்ட்ரிக்ஸ் எந்தக் கடவுளிடமும் எதையும் கேட்கவில்லை. அவன் உயிருக்கு விலையாக அவனுடைய வாழ்க்கையிலிருந்தே ஒரு துண்டை வெட்டிக் கொடுத்திருக்கிறாள் சாரா. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு 1193-ஆம் விதியில் இதை நேராகவே சொல்கிறது: நேர்ச்சை, அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும். சட்டம் அத்துடன் நின்றுவிடுகிறது. கட்டுப்படாதவன் படும் வேதனைக்கு அதில் விதி இல்லை.

இருந்தாலும் சாராவை வேண்டுதலுக்காகக் குற்றம் சொல்வது கடினம். செத்துவிட்டான் என்று நினைப்பவனிடம் யார் சம்மதம் கேட்டுக்கொண்டிருப்பார்கள்? அந்தக் கணத்தில் அவளிடம் கொடுப்பதற்கு இருந்ததே அது ஒன்றுதான். அவளுடைய பிழை அந்த நிமிடத்தில் இல்லை, அதற்குப் பிறகு தொடங்குகிறது. அவனை விட்டுவிடுவதாகத்தான் கடவுளிடம் சொன்னாள். காரணத்தை மறைப்பதாக யாரிடமும் சொல்லவில்லை.

நாவலில் மிக நுட்பமான இடம் இதுதான். உயிரோடு வந்து நின்றவனைக் கண்டதும் அவள் முகத்தில் தெரிந்ததை, அவன் ஏமாற்றம் என்று படித்துக்கொள்கிறான். தரையில் என்ன செய்தாய் என்று கேட்டால், பிரார்த்தனை செய்தேன் என்று உண்மையைத்தான் சொல்கிறாள். என்ன நேர்ந்துகொண்டாய் என்று அவன் கேட்கவில்லை. நாத்திகனுக்கு அப்படிக் கேட்கத் தோன்றாது. அவளும் சொல்லவில்லை. விளைவு, 1946 ஜனவரி வரை அவன் தன்னைக் கைவிடப்பட்டவனாக எண்ணி வெறுப்பிலேயே வாழ்கிறான். வேறொருவன் இருக்கிறான் என்ற சந்தேகத்தில் பார்க்கிஸ் என்ற துப்பறிவாளரை அமர்த்துகிறான். அவர் கிளப்பிக்கொண்டு வந்த அவளது நாட்குறிப்பைப் படித்துத்தான், தன் போட்டியாளர் யார் என்று தெரிந்துகொள்கிறான். அடுத்தவர் நாட்குறிப்பைத் திருட்டுத்தனமாகப் படிப்பது அநாகரிகம்தான். ஆனால் அதில் எழுதியிருந்தது அவனுக்குச் சேர வேண்டிய செய்தி.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் மயங்கித்தான் கிடந்தேன், இதில் அற்புதம் எங்கே வந்தது என்று அவன் வாதாடியிருப்பான். வார்த்தையில் கெட்டிக்காரன், வென்றும் இருப்பான். அவளுக்கும் அது தெரியும். தன் உறுதி எவ்வளவு மெல்லியது என்று அறிந்தவள், அதைக் காப்பாற்றும் வேலி என்றே மௌனத்தை வைத்துக்கொண்டாள். இது புரிகிறது, ஆனால் நியாயமாகிவிடவில்லை. தன் நம்பிக்கை கேள்விக்கு அப்பாற்பட்டது என்று அவள் நினைத்திருந்தாள் என்றும் சொல்ல முடியாது. ஸ்மைத் என்ற பகுத்தறிவுப் பேச்சாளரிடம் வலியப் போய், கடவுள் இல்லை என்று நிரூபிக்கச் சொல்லிக் கேட்டவள் அவள். ஊர் பேர் தெரியாதவரோடு வாதிடத் துணிந்தவள், வாதிட முழு உரிமை உள்ள ஒருவனைத்தான் தவிர்த்தாள்.

காரணத்தை மறைத்து விலகியவள் சாரா மட்டுமல்ல. டென்மார்க்கின் தத்துவவாதி கீர்க்ககோர் 1841-ல் ரெஜினே ஓல்சனுடனான நிச்சயதார்த்தத்தை முறித்தபோது, உண்மைக் காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. தன்னை அற்பனாகக் காட்டிக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து எழுதிய 'அச்சமும் நடுக்கமும்' நூலில், ஈசாக்கைப் பலியிடப் போன ஆபிரகாம் அதை மனைவியிடமும் மகனிடமும் மறைத்தது அறத்துக்குப் பொருந்துமா என்று தனியாக ஒரு பகுதியே எழுதினார். அவருக்கே உறுத்தியிருக்க வேண்டும். ஆபிரகாமின் மனைவி பெயரும் சாராதான். கிரீன் அதை நினைத்து வைத்தாரா என்பது இங்கே முக்கியமில்லை.

சாரா நிமோனியாவில் இறந்த பிறகு கணக்கு தலைகீழாகிறது. அவள் கத்தோலிக்கத்தில் சேரப் பாதிரியாரிடம் போய் வந்துகொண்டிருந்தாள். 1963 வரை அந்தச் சபை உடலை எரிக்க இடம் கொடுக்கவில்லை. பெண்ட்ரிக்ஸோ, தடுமாறி நிற்கும் ஹென்றியைப் பேசிச் சம்மதிக்க வைத்து, கோல்டர்ஸ் கிரீனில் அவளைத் தகனம் செய்ய ஏற்பாடு செய்கிறான். தன்னைக் கேட்காமல் தன் வாழ்க்கையைத் தீர்மானித்தாள் என்று குமுறியவன், கேட்க முடியாத நிலையில் கிடப்பவளின் நம்பிக்கையைத் தீர்மானிக்கிறான். அதுவும் அவளுடைய கடவுள் மேலுள்ள ஆத்திரத்தில். சாராவின் மௌனத்துக்காவது அச்சம் என்ற காரணம் இருந்தது.

தகனம் முடிந்தபின் சாராவின் தாய் அவனிடம் இன்னொன்றைச் சொல்கிறாள். கணவன் மீதிருந்த கோபத்தில், மகளுக்கு இரண்டு வயதிருக்கும்போதே அவள் ரகசியமாகக் கத்தோலிக்க ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறாள். மகள் சாகும்வரை அது அவளுக்குத் தெரியாது. அம்மை குத்தினது பிடிப்பதுபோல் அதுவும் என்றைக்காவது பிடிக்கும் என்று எதிர்பார்த்திருந்ததாகத் தாய் சாதாரணமாகச் சொல்கிறாள். தான் செய்ததில் தப்பு ஏதும் இருந்ததாக அவளுக்குத் தோன்றவே இல்லை.