சும்மா இருப்பது சுலபமில்லை

உங்கள் ஏழு வயதுப் பையனின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பதாக ரிப்போர்ட் வருகிறது. பதறியடித்து ஓடுகிறீர்கள். டாக்டர் நிதானமாக, ‘‘இப்ப மருந்து வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு வாங்க’’ என்கிறார். என்ன செய்வீர்கள்? வேறு டாக்டரைத் தேடுவீர்கள்!

என் நண்பர் அதைத்தான் செய்தார். மூன்று டாக்டர்கள், ஒரே பதில். கடைசியில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்க ஆரம்பித்தார்.

கீழாநெல்லியை நான் கிண்டல் செய்யவில்லை. 1988-ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள், இந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய ப்ளம்பெர்க்குடன் சேர்ந்து, அதைப்பற்றி ‘லான்செட்’ இதழில் நம்பிக்கையாக எழுதினார்கள். பிற்பாடு மற்றவர்கள் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

டாக்டர் ஏன் காத்திருக்கச் சொல்கிறார்? பிரசவ சமயத்தில் அம்மாவிடமிருந்து தொற்றினால், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு வைரஸ் தங்கிவிடும். கல்லீரலைப் புண்ணாக்குவது பெரும்பாலும் வைரஸ் அல்ல; அதை விரட்ட உடம்பு போடும் சண்டை. குழந்தையின் உடம்போ பல வருஷம் சண்டைக்கே போகாது. அந்தக் கட்டத்தில் மருந்து வைரஸை அடக்கலாம், துரத்துவது அபூர்வம். ரத்தத்தில் ஏ.எல்.டி. அளவு ஏறிக்கொண்டே போனால், அப்போது இன்டர்ஃபெரான், என்டெகாவிர் எல்லாம் வரும். ஆகவே காத்திருப்பது என்றால் மறந்துவிடுவது அல்ல. ஆறு மாசத்துக்கொரு முறை டெஸ்ட் உண்டு.

இத்தனையும் நண்பருக்குத் தெரியும். ஆனால், வைரஸ் தன்னிடமிருந்துதான் போயிருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவர் மனைவி தூங்கவில்லை. ‘‘ஏதாவது கொடுத்தாத்தான் மனசு ஆறுது’’ என்றாராம்.

யோசித்துப் பாருங்கள். அந்த மருந்து யாருக்கு? பையனின் கல்லீரலுக்கா, அம்மாவின் மனசுக்கா? நம் குற்ற உணர்ச்சிக்கான பரிகாரத்தைக் குழந்தையின் வாயில் ஊற்றலாமா? அந்தத் தாய் செய்த தப்புதான் என்ன?

செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. வீட்டில் மற்றவர்களுக்கு டெஸ்ட், தேவைப்பட்டால் தடுப்பூசி. அடுத்த குழந்தை பிறந்தால் 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. முக்கியமாக, பையனுக்குத் தனித் தட்டு வைக்காமல் இருப்பது. சேர்ந்து சாப்பிட்டால் இது தொற்றாது.

ஒருநாள் பையன் டம்ளரைத் தள்ளிவிட்டுக் கேட்டானாம்: ‘‘எனக்கு ஒண்ணுமில்லேன்னு டாக்டர்கிட்ட சிரிக்கிறீங்க. வீட்டுக்கு வந்து ஏம்ப்பா அழறீங்க?’’

மோரை நண்பரே குடித்துவிட்டார்.