ஒரு மண்கட்டி

என் வீட்டுக் கூடத்தில் ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் அதன் எதிரே ஒரு நிமிஷம் நின்றுவிடுவார்கள். நூற்றுக்கணக்கான பூநாரைகள் ஒரே சமயத்தில் தண்ணீரை விட்டு எழும்புகிற படம் அது. ஒவ்வொரு சிறகிலும் மருதாணிச் சிவப்பு. அந்தச் சிவப்புக்குக் கரை கட்டினாற்போல் கறுப்பு. கால்கள் இன்னும் தண்ணீரில் ஓடிக்கொண்டிருக்கின்றன. சிதறிய நீர்த்துளிகளில் காலை வெயில் தெரிகிறது. "அடடா, என்ன அழகு!" என்பார்கள். நானும், "ஆமாம்" என்பேன். அது எடுக்கப்பட்ட விதத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சில வருஷங்களுக்கு முன், ஒரு தை மாதத்தில், கோடியக்கரைக்குப் போயிருந்தேன். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் படித்தவர்களுக்கு அந்த ஊர் என்றால் பூங்குழலியின் படகுதான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான். ஆனால் என்னை அழைத்துப் போன நண்பருக்குக் கதையில் அக்கறை கிடையாது. பாங்கியில் வேலை, விடுமுறை நாள் என்றால் காமிராவும் தோளுமாகக் கிளம்பிவிடுவார். ஒரு முழம் நீளத்துக்கு லென்ஸ். அதன் விலையை அவர் மனைவியிடம் பாதியாகக் குறைத்துச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

விடிவதற்கு முன்பே வேதாரண்யத்திலிருந்து புறப்பட்டோம். வழியில் உப்பளங்கள், இருட்டில் உப்புக் குவியல்கள் வெள்ளை வெள்ளையாய்க் கூடாரம் போட்டு நின்றன. 1930-இல் ராஜாஜியின் பின்னால் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள், ஒரு பிடி உப்பை அள்ளிவிட்டுச் சிறைக்குப் போன பூமி அது. எடுப்பதற்கு யாருக்கு உரிமை என்ற கேள்வி அந்த மண்ணுக்குப் புதிதல்ல. இதெல்லாம் பிற்பாடு யோசித்தது. அப்போது தூக்கக் கலக்கத்தில் ஒரு டீ கிடைக்குமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோடியக்கரை 1967-இல் சரணாலயம் ஆயிற்று. முதன்மையாக வெளிமானுக்காக ஏற்பட்டது. அவற்றையும் பார்த்தோம்: முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகுமாய் ஓர் ஆண் மான், புல்வெளியின் நடுவே, ஜமீன்தார் மாதிரி நின்றது. மனிதர்களிடமிருந்து தப்பிப் போன குதிரைகளின் சந்ததியும் அங்கே காட்டுக் குதிரைகளாய் மேய்கின்றன. 2018 நவம்பரில் அடித்த கஜா புயலின் தழும்பு மரங்களில் இன்னும் ஆறவில்லை. ஆனால் நாங்கள் வந்தது பறவைக்காக. எங்களுக்கு வழிகாட்ட ஒரு பெரியவர் வந்தார். வாலிபத்தில் உப்பளத்தில் வேலை செய்தவர். கால் விரல்கள் அதற்குச் சாட்சி சொல்லின.

சதுப்பின் ஓரத்தில் பெரியவர் கையைக் காட்டி எங்களை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தோம். வெளிச்சம் வர வரச் சேறு அசைய ஆரம்பித்தது. அசைந்தது சேறு அல்ல, உள்ளான்கள். கொசு உள்ளான் என்று ஒன்று. முப்பது கிராம்கூடத் தேறாத உடம்பு. சைபீரியாவின் வடகோடியில், மரமே முளைக்காத பனிநிலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குளிருக்கு முன் புறப்பட்டு இங்கே வந்துவிடுகிறது. திரும்பிப் போகவும் வேண்டும். அதற்கு வழிச்செலவு உடம்பில் சேர்த்துவைக்கிற கொழுப்புதான். எனவே அது சேற்றைக் கொத்துகிற கொத்து ஒவ்வொன்றும் சம்பாத்தியம். நம்மில் சிலர் மாதக் கடைசியில் காசை எண்ணுவது போல, அது புழுவை எண்ணிக்கொண்டிருக்கிறது.

அப்பால் பூநாரைகள். நான் ஏமாந்து போனேன் என்றே சொல்ல வேண்டும். தூரத்தில் அழுக்கு வெள்ளையாக, துவைத்துப் போட்ட வேட்டிகள் போலத்தான் தெரிந்தன. தலையைத் தலைகீழாய்க் கவிழ்த்து, அலகைத் தண்ணீரில் செலுத்தி, நாக்கால் நீரை உறிஞ்சித் தள்ளி, சல்லடையில் சலிப்பது போல இரையைச் சலித்துத் தின்றுகொண்டிருந்தன. "சிவப்பு எங்கேய்யா?" என்று கேட்டேன்.

"சிறகை விரிக்கணும். மடித்து வைத்திருக்கும்போது தெரியாது" என்றார் நண்பர்.

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அவை விரிக்கவில்லை. விரிக்க அவற்றுக்கு முகாந்தரம் எதுவும் இல்லை. நண்பர் பெரியவரைப் பார்த்து, "கொஞ்சம் கை தட்டுங்களேன்" என்றார்.

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. "இப்பத்தான் சார் இறங்கி மேயுதுங்க" என்றார் கடைசியில். மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அன்றைய கூலி எங்கள் கையில் அல்லவா இருந்தது!

அவரைத் தர்மசங்கடத்திலிருந்து விடுவிக்கத்தான் நான் எழுந்தேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். எனக்கு அந்தச் சிவப்பைப் பார்க்க வேண்டும். ஒரு மண்கட்டியை எடுத்து, சேற்றில் பத்தடி ஓடி, ஊவென்று கத்திக்கொண்டே வீசினேன். கட்டி பாதி தூரம்கூடப் போகவில்லை. போகவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

பிறகு நடந்ததுதான் கூடத்துப் படம். காமிரா தையல் மிஷின் மாதிரி ஓடியது. வானம் ஒரு கணம் சிவந்தது. என் உடம்பு புல்லரித்தது. உள்ளான்களும் புகை எழும்பியது போல் எழும்பிப் போயின. பூநாரைகள் இரண்டு முறை சுற்றிவிட்டு, கண்ணுக்கு எட்டாத கோடியில் போய் இறங்கின. எதிரே வெறும் சேறு.

"இனிமே இந்தப் பக்கம் இன்னிக்கு வராது" என்றார் பெரியவர். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் காரில் தர்க்கம். நண்பர் சொன்னார்: "சேற்றுப் பருந்து வந்தால் எழும்பவில்லையா? ஒரு நாளில் எத்தனை தடவை எழும்புகிறதோ, இது ஒன்று கூடுதல்." நியாயம் போலத்தான் இருந்தது. ஆனால் பருந்துக்குப் பசி. பசிக்கும் பயத்துக்கும் இடையே அந்தச் சதுப்பில் ஆதிநாளிலிருந்து ஒரு கணக்கு நடந்து வருகிறது. நான் காலையில் நாலு இட்லி தின்றுவிட்டுப் போனவன். அந்தக் கணக்கில் எனக்குப் பற்று வரவு கிடையாது.

அவர் விடவில்லை. பெரிய மனிதர்களை அழைத்தார். ஆடுபான் என்ற அமெரிக்கச் சித்திரக்காரர், 1785-இல் பிறந்து 1851-இல் இறந்தவர், பறவைகளைச் சுட்டு வீழ்த்தி, கம்பியில் பிணைத்து, உயிரோடு இருப்பதுபோல் நிறுத்திவைத்துத்தான் வரைந்தார். நம் சலீம் அலிக்குப் பறவைப் பைத்தியம் பிடித்ததே, சிறுவனாக இருந்தபோது தாம் சுட்ட ஒரு மஞ்சள் கழுத்துக் குருவியால்தான். பின்னாளிலும் ஆராய்ச்சிக்காகச் சுட்டிருக்கிறார். "அவர்களை விடவா நாம்?" என்றார் நண்பர்.

இதற்கு என்னிடம் அப்போது பதில் இல்லை. இப்போது அரைப் பதில் இருக்கிறது. அறிவுக்காகப் பறவையைப் பயமுறுத்துகிறவர்கள் கோடியக்கரையிலேயே உண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல வருஷங்களாக அங்கே வலை போட்டுப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிடுகிறார்கள். கைக்குள் அகப்பட்ட அந்தச் சின்ன நெஞ்சு என்ன பாடு படும்! ஆனாலும் அந்த வளையத்தால்தான் அது எங்கிருந்து வருகிறது, எந்த நிலத்தைக் காப்பாற்றினால் அது பிழைக்கும் என்று தெரிகிறது. கொடுத்த பயத்துக்கு ஏதோ ஒரு வட்டியாவது பறவை ஜாதிக்குத் திரும்பிப் போகிறது. என் மண்கட்டியால் என்ன திரும்பிப் போயிற்று? சரணாலயத்துக்குள் காட்டு ஜீவன்களைச் சீண்டக்கூடாது என்று 1972-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. ஆனால் என்னை உறுத்தியது சட்டம் அல்ல.

உறுத்தியது இது: நாங்கள் இன்னும் இரண்டு மணி நேரம் பொறுத்திருந்து, ஒரு பருந்து வந்து, பூநாரைகள் எழும்பியிருந்தால், இதே படம்தான் கிடைத்திருக்கும். இம்மியும் மாறாது. பார்க்கிறவர் எவருக்கும் வித்தியாசம் தெரியாது. அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது? படத்தில் இல்லை. அழகில் இல்லை. அழகு எந்த வழியில் வந்ததென்று தன் முகத்தில் காட்டிக்கொள்வதே இல்லை. துப்பாக்கிக்குப் பதில் காமிரா வந்தது பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் துப்பாக்கிக்காரன் செய்தது அவன் கையில் பிணமாகத் தொங்கும். நாங்கள் செய்தது எங்கும் தொங்கவில்லை, கூடத்துச் சுவரைத் தவிர.

இந்த யோசனை என்னை என் தொழிலுக்குக் கொண்டுபோய் விட்டது. அதனால்தான் இவ்வளவு நாள் இதை எழுதாமல் தள்ளிப்போட்டேன்.

என் அத்தைக்கு ஒரு பிள்ளை இருந்தான். நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். நான் பிறப்பதற்கு முன் நடந்தது. ஒரு மழைநாள் சாயங்காலம், வேறு ஏதோ பேச்சின் நடுவே அவளாகவே அதைச் சொன்னாள். "மூணு நாள்தான். வைத்தியர் வந்தார், போனார்" என்று, பக்கத்து வீட்டுச் சங்கதி போல, நிதானமாகச் சொல்லி முடித்தாள். மடித்த சிறகு. அதற்குமேல் நான் கேட்டிருக்க வேண்டியதில்லை. எனக்குக் கதை வேண்டியிருந்தது. எங்கே தொட்டால் வலிக்கும் என்பது எழுதுகிறவனுக்குத் தெரியும். "அவன் சட்டையை எல்லாம் என்ன செஞ்சீங்க, அத்தை?" என்று கேட்டேன்.

அவள் வாய் பேசவில்லை. கைகள் மட்டும் புடவைத் தலைப்பை எடுத்து, மடியில் வைத்து, சின்னதாக, இன்னும் சின்னதாக, ஒரு குழந்தைச் சட்டை அளவுக்கு மடித்தன. பிறகு தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். முதுகைத் தடவிக்கொடுத்தேன். தடவிக்கொடுத்துக்கொண்டே, அந்தக் கைகள் மடித்த விதத்தை மனசில் குறித்துக்கொண்டேன்.

கதை வெளிவந்தது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் கடிதம் எழுதினார்கள். குழந்தையை இழந்த ஒரு தாய், தன் மனசை யாரோ சொல்லிவிட்டது போலிருக்கிறது என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை நான் தராசின் மறுதட்டில் எத்தனையோ தடவை வைத்துப் பார்த்திருக்கிறேன். கனம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அதை வளையத்துக்குச் சமானமாகச் சொல்லலாமா? சில ராத்திரிகளில் சொல்லலாம் என்று தோன்றும். ஆனால் கேள்வியைக் கேட்ட அந்த மழைநாளில் என் மனசில் எந்தத் தாயும் இருக்கவில்லை. சிவப்பு மட்டும்தான் இருந்தது.

அத்தைக்கு அந்தக் கதையைப் பக்கத்து வீட்டுப் பெண் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அத்தை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிறாள். கூடத்தில், அந்தப் படத்துக்குக் கீழேயே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். அரிசி விலை, மூட்டு வலி, மருமகளின் சமையல் எல்லாம் பேசுவாள். சிரிப்பாள். அந்தப் பிள்ளையின் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. அதற்கு முன்பெல்லாம், வருஷத்துக்கு ஒரு தடவையாவது, அவளாகவே எடுப்பாள்.