தப்பொலியும் உணர்ச்சியும்

இசை உணர்ச்சியை எழுப்பவல்லது என்பதை மறுப்பார் இலர். ஆயின் அவ்வுணர்ச்சி எங்கே குடியிருக்கிறது என்று வினவினால் ஒற்றுமை குலைந்துவிடும். சுரத்திலா? பாடுபவன் நெஞ்சிலா? கேட்பவன் செவியிலா? பண்டைக் கிரேக்கத்துப் பிளேட்டோ, புலம்பலுக்குரிய பண்முறைகளைத் தமது இலட்சிய நாட்டிலிருந்து விலக்கவேண்டும் என்றார். அழுகை அச்சுரங்களிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைக் கேட்டுப் பழகியவன் உரமிழப்பான் என்பது அவர் அச்சம். 1854இல் வியன்னாவின் இசைத் திறனாய்வாளர் எடுவார்ட் ஹான்ஸ்லிக் எதிர்முனைக்குச் சென்றார். ஒலியின் அசையும் வடிவங்களே இசையின் உள்ளடக்கம். துயரும் களிப்பும் அதன் பொருளல்ல என்று அவர் வாதிட்டார். இவ்விரு பெரியோருக்கும் நடுவே, கொட்டகலைத் தோட்டங்களின் தப்பினைக் கொண்டுபோய் வைத்துப் பார்க்க விரும்புகிறோம். அவர்கள் முகம் சுளிக்கக்கூடும். நம்மவரிலும் சிலர் சுளிப்பர்.

வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல், இரண்டு குச்சிகள்: அவ்வளவே தப்பு. மலைநாட்டின் ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடும். ஆதலால் அடிப்பவர் முதலில் தீமூட்டி அதனைக் காய்ச்சி விறைப்பேற்றுவார். ஆலாபனைக்கோ சுரவரிசைக்கோ அதில் இடமில்லை. எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வாழ்வில், அக்கருவி தொடாத நிகழ்ச்சி அரிது. விடியுமுன் பிரட்டுக்களத்துக்கு ஆட்களை எழுப்பியது அது. அம்மன் திருவிழாவில் சாமியாட வைத்ததும், மாசியில் காமன் கூத்துக்கு ஊரைக் கூட்டியதும், பாடைக்கு முன்னே நடந்ததும் அதுவே. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் இயற்றி, சக்தீ அ. பாலஐயாவின் தமிழாக்கத்தில் 'தேயிலைத் தோட்டத்திலே' என வழங்கும் கவிதையிலும் அந்த விடியற்காலத் தப்பு அதிர்கிறது.

ஒரே தோல், ஒரே கை. உணர்ச்சிகளோ ஒன்றுக்கொன்று பகையானவை. அடிகள் வேறல்லவா என்று ஹான்ஸ்லிக்கின் மாணவர் கேட்கலாம். வேறுதான். ஆனால் சாவுக்கு அடிக்கும் அடியின் விரைவைக் கேட்கும் வெளியூரார் அதனைக் களிப்பின் ஒலி என்று கருதிக் காலால் தாளமிடக்கூடும். அதே அடி லயத்துப் பெண்ணின் வயிற்றைப் பிசைகிறது. ஒலி ஒன்றாயிருக்க, பொருள் இரண்டானது எங்ஙனம்?

சபா மேடைக்குரிய உயர்ந்த இசையில் இக்குழப்பம் இல்லை என்று எண்ணவேண்டாம். முகாரி என்றாலே அழுகை என்று நாடகமும் திரைப்படமும் நமக்குப் பழக்கிவிட்டன. தியாகராசரோ சபரியின் பெரும்பேற்றை வியந்து பாடும் 'எந்தநின்னே' கீர்த்தனையை அதே முகாரியில்தான் அமைத்தார். இராகத்துக்குள் கண்ணீர் ஊறிக்கிடக்கவில்லை. நாம் அதற்குள் ஊற்றியிருக்கிறோம்.

எங்கிருந்து ஊற்றினோம் என்பதற்குத் தொல்காப்பியத்தில் ஒரு தடயம் உண்டு. ஒவ்வொரு நிலத்துக்குமுரிய கருப்பொருள்களை எண்ணுகையில் பறையும் யாழும் அங்கே தெய்வத்தோடும் உணவோடும் தொழிலோடும் ஒருங்கே வைக்கப்பட்டுள்ளன. உரையாசிரியர்கள் சுட்டும் பறைப் பெயர்களையும் பாருங்கள்: முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை. நெல்லரிவதும் மீன் பிடிப்பதுமே பறைக்குப் பெயராகிவிட்டன. செருமானியப் பொருளியலறிஞர் கார்ல் பியூஹர் 1896இல் வெளியிட்ட நூலில் உழைப்பின் அசைவிலேயே தாளத்தின் பிறப்பைத் தேடினார். பேராசிரியர் கைலாசபதியின் ஆய்வுக்கு வழிகாட்டிய ஜோர்ஜ் தொம்சன் அக்கருத்தைக் கவிதையின் தோற்றத்துக்கும் விரித்தார். இசையைக் கேட்கும் செவியே மனித வரலாறு உருவாக்கிய ஒன்று என்பது 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் மார்க்ஸ் கொண்டிருந்த கருத்து.

இவ்விடத்தில் நாம் சற்றே நிற்கவேண்டும். நெல்லரிகிணை உழைப்போரின் உழைப்போடு சேர்ந்து ஒலித்தது. பிரட்டுத் தப்போ உழைப்புக்கு முன் ஆணையாக ஒலித்தது. கொழுந்து பறிக்கும் விரல்களின் தாளம் அதில் இல்லை. கணக்கப்பிள்ளையின் பெயரேடும் துரையின் கடிகாரமுமே அதில் இருந்தன. கருவி நம்முடையது, கை நம்முடையது, கட்டளை மட்டும் பிறனுடையது. தன்னவரைத் துயிலெழுப்பி மழையில் நிறுத்தும் ஒலியைத் தன்னவரில் ஒருவரே எழுப்பவேண்டியிருந்தது. உழைப்பிலிருந்து இசை பிறந்தது என்பதோடு நிறுத்திக்கொள்ளும் ஆய்வாளர், யாருக்கான உழைப்பு என்ற கேள்வியை விட்டுவிடுகின்றனர். இந்த ஒன்றில் நம் முன்னோடிகளோடும் நமக்குப் பிணக்கு உண்டு.

ஆயினும் அதே மக்கள் அந்த ஒலியை மாலையில் மீட்டுக்கொண்டனர். காமன் கூத்தில் மன்மதன் எரிக்கப்பட்டபின் இரதி புலம்புகிறாள். இரதி வேடம் பூண்டவர் ஓர் ஆண் என்பது கூட்டத்துக்குத் தெரியும்; கதையும் ஆண்டுதோறும் கேட்டதே. இருந்தும் கண்கள் கலங்குகின்றன. கடல் கடந்த பயணத்தில் இழந்தவரையும், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்கும் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்கும் பின் பிரிந்துபோன உறவையும் சேர்த்தே அங்கே அழுகிறார்கள் என்று நாம் கருதுகிறோம். தனியே அழ ஓய்வில்லாதவர்க்குச் சேர்ந்து அழ ஒரு தாளம் வேண்டியிருந்தது. ஒப்பாரியும் இத்தகையதே. மரபாக வந்த உவமைகளை அடுக்குவதால் அது போலியழுகை என்று கற்றோர் சிலர் கூறுவர். சொந்தச் சொல் கிடைக்காத வேளையில் ஊரின் சொல்லை இரவல் வாங்குவது போலியாகுமா? வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலைப் படிப்போர் தாமே முடிவு செய்துகொள்ளட்டும்.

ஒரு வீட்டில் சாப்பறையும் மறு வீட்டில் மணமுழவும் ஒலிப்பதைக் கண்டு இவ்வுலகைப் படைத்தவன் பண்பிலான் என்று நொந்தார் புறநானூற்றுப் பக்குடுக்கை நன்கணியார். லயத்தில் இரு வீட்டுக்கும் சுவர் ஒன்றே. அடிப்பவரும் பெரும்பாலும் ஒருவரே. புலவர் படைத்தவனை நொந்தார். நாம் நோகவேண்டியவர் அருகிலேயே இருக்கின்றனர். எல்லார் துயரத்துக்கும் வடிவம் கொடுத்தவரை, சாதியின் பெயரால், பந்தியில் எட்ட அமர்த்தியது இதே சமூகமே. தப்பு என்ற சொல்லுக்குப் பிழை என்றும் பொருளிருப்பது தற்செயலாக இருக்கலாம். அடித்தவரைப் பிழை செய்தவராக நடத்தியது தற்செயலன்று. தமிழ்நாட்டில் சாவுக்குப் பறையடிக்கமாட்டோம் என்று ஒடுக்கப்பட்டோர் மறுத்தெழுந்த போராட்டங்கள் உண்டு. பின்னர் அதே பறையை விடுதலையின் கருவியாக அரங்கேற்றியோரும் உண்டு. மறுத்தவர்கள் கலையின் பகைவர் அல்லர். தம் உழைப்பின்றிப் பிறர் துயரம் முழுமை பெறாது என்பதை அவர்கள் ஊருக்கு உணர்த்தினர்.

வகுப்பறையில் நாம் காண்பது வேறொரு துன்பம். மெய்ப்பாடு எட்டினையும் பிழையின்றி ஒப்புவிக்கும் மாணவன், தன் தந்தை தப்படிப்பவர் என்று சொல்ல நாணுகிறான். அழுகை, இளிவரல் இரண்டுக்கும் இலக்கணம் எழுதிவிடுகிறான். ஒரே ஒலியில் ஊர் முதலாவதையும் தான் இரண்டாவதையும் உணர்வதை எழுத எந்த வினாத்தாளும் அவனைக் கேட்பதில்லை.

இப்போது பாடசாலை விழாக்களில் தப்பு மேடையேறுகிறது. மாணவர் ஒரே நிற உடையணிந்து அழகாகவே அடிக்கின்றனர், கைதட்டலும் கிடைக்கிறது. எந்த அடி எதற்குரியது என்று கேட்டால் பலர் விழிக்கின்றனர். சொல்லத் தெரிந்த முதியவர் கீழ் லயத்தில் இருக்கிறார். விழாவுக்கு அவரை அழைக்கலாம் என்பதில் ஆசிரியர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. அழைத்தால் எந்த வரிசையில் அமர்த்துவது என்பதில்தான் பேச்சு நின்றுபோயிருக்கிறது.