கொடுத்த கையும் எடுத்த படமும்

 

எல்லாப் புகழும் அகிலத்தைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹுத்தஆலாவுக்கே உரியது. அவனுடைய திருத்தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் மாணவர்கள் பத்துப் பேர், இருபது பேராகக் கூடி அயல்நாடுகளுக்குத் தொண்டு செய்யப் புறப்படும் நல்ல வழக்கம் பெருகி வருகிறது. கம்போடியாவில் வாழும் சாம் முஸ்லிம்களின் கிராமங்களுக்கே பலர் செல்கின்றனர். மதரஸாவுக்கு வர்ணம் பூசுகிறார்கள்; பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள்; அரிசியும் துணியும் பங்கிடுகிறார்கள். இச்செலவில் பெரும் பகுதி நம் வணிகப் பெருமக்களின் கல்லாப் பெட்டியிலிருந்து போகிறது. அல்லாஹ் அதனை ஏற்றுக்கொள்வானாக.

மாணவர்கள் திரும்பியதும் அவர்கள் எடுத்த படங்களும் வந்து சேருகின்றன. ஒரு நாள் மஃரிபுக்குப் பின் மண்டபத்தில் திரை கட்டிக் காட்டுகிறார்கள். அதற்கு முன்பாகவே அவை கைப்பேசி வழியாக நூறு கடைகளுக்குப் போய்விடுகின்றன. இப்படங்களைப் பற்றியே இன்று நாம் சிறிது சிந்தித்தல் வேண்டும்.

இத்தகைய படங்களில் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. ஒரு விதவைத் தாய் அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருக்குப் பின்னால் கொடையாளிகளின் பெயர்கள் எழுதிய துணித்தட்டி, அவருடைய முகத்தைவிடப் பெரிதாகத் தொங்கும். இரு பக்கமும் நம் பிள்ளைகள் சிரித்த முகத்துடன் நிற்பார்கள். அந்தத் தாயின் கண்களோ தரையை நோக்கியிருக்கும். இதனைப் பார்த்து ‘மாஷா அல்லாஹ்’ என்று சொல்வோர் பலர். அந்தத் தாய் இப்படத்தைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைப்போர் எத்தனை பேர்?

படம் பிடித்தல் கூடுமா, கூடாதா என்ற விவாதத்துள் நாம் இங்கு நுழையவில்லை. அதனைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. எகிப்தின் முப்தியாக விளங்கிய ஷைகு முஹம்மது பகீத் அல்முத்தீஈ (ரஹ்) அவர்கள் நிழற்படம் ஆகும் என்று தீர்ப்பளித்தார்கள். பேணுதல் கருதி அதனைத் தவிர்த்தோரும் இருக்கின்றனர். ஆகும் என்று கொண்டே பேசுவோம். ஆகுமான பொருளையும் எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு மார்க்கத்தில் அதபு உண்டல்லவா? கத்தி ஆகுமானதுதான், அதைப் பிடிக்கும் முறை ஒன்று இருக்கிறது.

வணிகர்களாகிய நமக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. நம் கடைகளில் இருவகைக் காகிதங்கள் உண்டு: ஒன்று ரசீது, மற்றொன்று விளம்பரம். ரசீது, கொடுத்த பணம் போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சாட்சி. விளம்பரம், கடையின் பெயர் ஊரில் பரவுவதற்குச் சாதனம். தொண்டுப் படங்களிலும் இவ்விரண்டும் கலந்தே வருகின்றன. பிரித்துப் பார்ப்பவர் குறைவு.

ரசீதுக்குரிய படம் வேண்டியதே. குர்பானியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாட்டில் எழுவர் கூட்டுச் சேரலாம் என்பது நாம் அறிந்த சட்டம். மலேசியாவிலிருந்து ஆண்டுதோறும் கம்போடியாவில் குர்பானி கொடுக்கப் பல குழுக்கள் போகின்றன. தம் பங்கு முறையாக நிறைவேறியதா என்று அறிந்துகொள்ளப் பணம் கொடுத்தவருக்கு உரிமை உண்டு. அமானிதத்தை ஏற்றவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். மாட்டின் படம் போதும். இறைச்சியை நிறுத்த தராசின் படம் போதும். தோண்டிய கிணற்றின் படம், வேய்ந்த கூரையின் படம் போதும். இவற்றில் எந்த மனிதருடைய மானமும் குறைவதில்லை.

விளம்பரத்துக்கு வருவோம். தர்மத்தைச் சொல்லிக் காட்டியும் மனத்தைப் புண்படுத்தியும் அதனைப் பாழாக்கிவிட வேண்டாமென்று அல்லாஹ் திருமறையில் (2:264) எச்சரிக்கின்றான். மக்கள் காண்பதற்காகச் செலவிடுபவனை, மண் படிந்த வழுக்குப் பாறைக்கு அவ்விடத்திலேயே உவமிக்கின்றான். பெருமழை பெய்தால் மண் முழுவதும் கழுவப்பட்டு வெறும் பாறை மிஞ்சும். உழைத்தவன் கைக்கு ஒன்றும் வாராது. சொல்லிக் காட்டுதல் என்பது நாவினால் மட்டும் ஆவதன்று. ஒருவர் முகத்தைப் படமாக்கி ஊரெங்கும் அனுப்புவது ஒவ்வொரு முறை பார்க்கப்படும்போதும் நிகழும் சொல்லிக்காட்டல். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். படமோ பல ஆண்டு நிற்கும்.

மறுமையில் முதன்முதலாக விசாரிக்கப்படும் மூவரைப் பற்றிய ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. அவர்களுள் ஒருவன் வாரி வழங்கிய செல்வன். அவன் வழங்கியது கொடையாளி என்று பேர் எடுக்கவே. அந்தப் பேரும் உலகிலேயே கிடைத்துவிட்டது. ஆகவே அங்கு அவனுக்கு வர வேண்டிய பாக்கி ஏதுமில்லை என்பது அதன் கருத்து. சகோதரர்களே! ஒரே சரக்குக்கு இருமுறை விலை வாங்க முடியுமா? பட்டியலில் ‘பணம் பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்று முத்திரை குத்திய பிறகு அதே பட்டியலை மீண்டும் நீட்டினால் எந்த வணிகர் ஒப்புவார்?

பகிரங்கமாகக் கொடுப்பது அடியோடு விலக்கப்பட்டதென்று நாம் கூறவில்லை. வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே என்றும், மறைத்து ஏழைகளிடம் சேர்ப்பது அதனினும் மேலானது என்றும் திருமறை (2:271) இரண்டையும் எடுத்துச் சொல்லுகிறது. ஒருவர் கொடுப்பதைக் கண்டு பத்துப் பேர் கொடுக்க முன்வருவதுண்டு. அந்நோக்கம் தூயதே. ஆனால் வெளிப்படையாக்கும் உரிமை கொடுப்பவருக்குத் தம் கையைப் பொறுத்தே உண்டு. வாங்குபவரின் முகத்தை வெளிப்படுத்தும் உரிமையை அவருக்குத் தந்தவர் யார்?

இமாம் ஹுஸைன் (ரலி) அவர்களின் திருமகனார் இமாம் ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்களின் வரலாற்றைக் கேளுங்கள். மதீனாவில் பல குடும்பங்கள் இரவில் தம் வாசலுக்கு உணவு வந்து சேருவதைக் கண்டன. கொண்டுவருபவர் யாரென்று தெரியவில்லை. இமாமவர்கள் மறைந்ததும் உணவு வருவது நின்றது. அப்போதுதான் அம்மக்களுக்கு உண்மை விளங்கிற்று. குளிப்பாட்டியவர்கள் அவர்களுடைய முதுகில் மூட்டை சுமந்த தழும்பைக் கண்டார்களாம். அந்தக் கொடைக்கு இருந்த அடையாளம் அத்தழும்பு ஒன்றே. அது கொடுத்தவர் உடலில் இருந்தது. வாங்கியவர் முகத்தில் இல்லை.

இனி, நம் பிள்ளைகள் செல்லும் அந்த மண்ணைச் சிறிது அறிந்துகொள்வோம். சாம் மக்கள், இன்றைய வியட்நாமின் நடுவிலும் தெற்கிலும் ஒரு காலத்தில் விளங்கிய சம்பா அரசின் வழி வந்தவர்கள். அவர்கள் மொழி மலாய் மொழிக்கு உறவுடையது. கம்போடியாவிலுள்ள சாம் முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். மெக்கோங் ஆற்றோரத்தில் மீன் பிடித்தும், நெசவு செய்தும், மாட்டு வியாபாரம் செய்தும் பிழைத்தவர்கள்; நம்மைப் போலவே கொடுக்கல் வாங்கல் தெரிந்தவர்கள்.

1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 7 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் அவர்கள் பட்ட துயரம் சொல்லி மாளாது. தொழுகை தடுக்கப்பட்டது, பள்ளிவாசல்கள் இடிக்கப்பட்டன, குர்ஆன் பிரதிகள் பறிக்கப்பட்டன, பன்றி இறைச்சியை உண்ணுமாறு வற்புறுத்தப்பட்டனர். ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவுடன் அமைந்த சிறப்பு நீதிமன்றம், சாம் மக்களுக்கு நேர்ந்தது இனப்படுகொலை என்று 2018 நவம்பர் 16ந் தேதி தீர்ப்பளித்தது.

அந்நாட்டின் தலைநகர் நாம்பென்னில் துவோல் ஸ்லெங் என்னும் இடம் உண்டு. பள்ளிக்கூடமாக இருந்ததைச் சிறையாக்கினார்கள். அங்கே கொண்டுவரப்பட்ட கைதிகளைப் படம் பிடித்துப் பதிந்து வைத்தார்கள். அவர்களில் உயிரோடு மீண்டோர் மிகச் சிலரே. ஆயிரக்கணக்கான அப்படங்கள் இன்றும் உள்ளன. பல அங்குள்ள காட்சிசாலைச் சுவர்களில் இருக்கின்றன. 2021 ஏப்ரலில் ஓர் இணைய ஏடு, அக்கைதிகளின் படங்களுக்கு வர்ணமேற்றி, சிலவற்றில் முகத்தில் புன்னகையையும் சேர்த்திருந்த ஒருவரின் வேலையை வெளியிட்டது. மாண்டோரின் உறவினர் கொதித்தெழுந்தனர். கம்போடிய அரசும் கண்டித்தது. ஏடு அதனை நீக்கிவிட்டது. நாற்பதாண்டு கடந்தும், தம் தகப்பனின் முகம் பிறர் விருப்பத்துக்கு ஆளாவதை அம்மக்கள் பொறுக்கவில்லை. நம் பிள்ளைகளின் படத்தை அவற்றோடு ஒப்பிடுவது நம் எண்ணமல்ல. ஆனால் கேளாமல் ஒருவர் முகத்தை எடுப்பது எத்தகைய செயலென்று அந்த மண்ணுக்கு நன்றாகத் தெரியும். அங்கு போகிறவர் அதனைத் தெரிந்துகொண்டு போவது நலம்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் முன்னோரைப் பாருங்கள். நாகூரிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கப்பலேறி வந்த சபராளிகள், முதலில் சேர்த்த காசில் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். கோட்டு இரவலாக இருக்கும். கைக்கடிகாரம் நண்பருடையதாக இருக்கும். நேராக நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். கடையின் மேல்மாடியில் மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்ததை யாராவது படமெடுத்து அனுப்பினார்களா? உம்மா பார்த்துக் கண் கலங்கக் கூடாது, ஊரார் பார்த்து இரங்கக் கூடாது என்று மறைத்தார்கள். வறுமையில் இருந்தபோதும் தம் படத்தைத் தாமே தேர்ந்தெடுத்தார்கள். அந்த உரிமையை நாம் அந்தச் சாம் தாய்க்கு ஏன் கொடுக்கவில்லை? கையேந்தத் தயங்கும் மானமுள்ள ஏழைகளை, விவரம் அறியாதவன் செல்வர் என்றே எண்ணிவிடுவான் என்று திருமறை (2:273) அவர்களைச் சிறப்பித்துப் பேசுகிறது. அல்லாஹ் சிறப்பித்த அந்த மானத்தை நாம் திரையில் உரித்துக் காட்டலாமா?

மாணவர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. பணம் கொடுத்த மறுவாரமே ‘படம் எங்கே? என் பெயர் தெரிகிறதா?’ என்று கேட்போர் வணிகரில் சிலர் இருக்கின்றனர். கேட்கப்படும் சரக்குதான் சந்தைக்கு வரும். அழும் முகத்துக்கு அதிகப் பணம் விழும் என்று பிள்ளைகள் கற்றுக்கொண்டால், அப்பாடத்தை அவர்களுக்குப் படித்துக் கொடுத்தது பள்ளிக்கூடம் அல்ல. ஆதலின் கேட்பதை நாம் மாற்றினால் வருவதும் மாறும்.

மாணவ மணிகளுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்.

ஒன்று: கேட்டு எடுங்கள். வாங்க வந்து வரிசையில் நிற்பவரிடம் கேட்பது கேட்பதாகாது. மறுத்தால் அரிசி கிடைக்காதோ என்று அவர் அஞ்சுவார். கொடுத்து முடித்து, பழகி, அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த பின் கேளுங்கள். சிறு பிள்ளையாயின் பெற்றோரைக் கேளுங்கள். எடுத்ததை அவரிடமே காட்டி, அவர் வேண்டாமென்றால் அழித்துவிடுங்கள்.

இரண்டு: உங்கள் வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள். உங்கள் உம்மாவை, உங்கள் தங்கையை இதே கோலத்தில் அயலார் படமெடுத்து அனுப்பினால் பொறுப்பீர்களா? பொறுக்க மாட்டீர்கள் என்றால் அப்படம் வேண்டாம்.

மூன்று: அவர்களுடைய அன்றாட வாழ்வை எடுங்கள். விடியற்காலையில் வலையை உதறும் மீனவர், தறியில் அமர்ந்த பெண்ணின் கைகள், சந்தையில் விலை பேசும் மாட்டு வியாபாரி, பலகையை மடியில் வைத்து ஓதும் பிள்ளைகள் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். ஒரு வியாபாரி விலை பேசுவதைப் படத்தில் கண்டால் இங்குள்ள வியாபாரிக்கு உறவு தோன்றும். இரக்கம் ஒரு மாதத்தில் ஆறிவிடும்; உறவு ஆறாது.

நான்கு: நீங்கள் வாங்கிக்கொள்ளும் படத்தையும் கொண்டுவாருங்கள். அக்கிராமத்தார் உங்களுக்குச் சோறு வடித்துப் போட்டார்கள். ஆற்றில் பிடித்த மீனைப் பொரித்து வைத்தார்கள். தாம் படுக்கும் பாயை உங்களுக்கு விரித்தார்கள். அப்படியிருக்க, எல்லாப் படங்களிலும் உங்கள் கையே மேலாகவும் அவர்கள் கையே கீழாகவும் இருப்பது உண்மைக்கு மாறான கணக்கு. வரவை எழுதாமல் செலவை மட்டும் எழுதும் பேரேடு நேர்மையான பேரேடாகுமா?

ஐந்து: தொண்டை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். அங்கே கிணறு வெட்டியவர் இங்கே தம் வீட்டுத் தட்டைக் கழுவட்டும். அங்கே அந்நியப் பிள்ளையைத் தூக்கியவர், இங்கே தம் தகப்பனார் கடையில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் ஊரையும் பிள்ளைகளின் பெயரையும் கேட்டறியட்டும். இவற்றை யாரும் படமெடுக்க மாட்டார்கள். அதனாலேயே இவற்றில் இக்லாஸ் எளிது. தொழுகையைப் பிறர் காணச் செய்வதையும், அன்றாடச் சிறு உதவிகளை மறுப்பதையும் சூரத்துல் மாஊன் ஒன்றாகவே வைத்துக் கண்டிப்பதை நினைவில் கொள்ளுங்கள்.

வணிகப் பெருமக்களே! அடுத்த விடுமுறைக்கும் பிள்ளைகள் உங்களிடம் வருவார்கள். மனமுவந்து கொடுங்கள், கணக்கையும் கேளுங்கள். அது உங்கள் உரிமை. அவர்களுக்கும் நல்ல பயிற்சி. பெயர் எழுதிய துணித்தட்டி வேண்டாமென்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். அத்துணியின் விலைக்கு இன்னும் கொஞ்சம் அரிசி வாங்கலாம். உங்கள் பெயரை எழுதிவைக்க வலத்தோளிலும் இடத்தோளிலும் எழுத்தர் இருவரை அல்லாஹ் அமர்த்தியிருக்கின்றான். அவர்கள் ஏட்டில் ஒரு சல்லியும் தவறுவதில்லை.

வல்ல நாயன் நம் பிள்ளைகளின் தொண்டையும் நம் கொடைகளையும் ரியாவிலிருந்து காத்து ஏற்றுக்கொள்வானாக. நம்மிடம் வாங்குவோரின் மானத்தை நாம் மறைத்துக் காக்கவும், மறுமையில் நம் குறைகளை அவன் மறைத்துக் காக்கவும் அருள் புரிவானாக. ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்.