பொத்தான் பாடம்

சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ள ஒரு பிள்ளைக்கு ஆறு மாதம்கூட ஆகலாம். சிறப்புப் பள்ளியில் அதுவும் பாடம்தான். பொத்தானைத் துளையில் பாதி நுழைத்துவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளைக்கு விட்டுவைப்பார் ஆசிரியர். முடித்த பெருமை பிள்ளைக்கு! புதுச்சேரியில் சித்ரா ஷா 2003-இல் தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளி போன்ற இடங்கள் இருக்கின்றன. ஆனால் நகரத்துக்கு வெளியே திருக்கனூர்ப் பக்கத்திலிருந்து பிள்ளையோடு பஸ் ஏறும் தாய்க்கு அன்றைய கூலி போச்சு. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 வயதிலிருந்து 18 வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உண்டு. உங்கள் தெருவில் வீட்டோடு முடங்கிய பிள்ளை இருந்தால், அதன் தாயிடம் இதைச் சொல்லுங்கள்.