பேர் போடாத ஒரு நாள்

பயன் ஏதும் தராத ஒரு நாளைக் கழிக்க உழைக்கிறவர்களுக்கு உரிமை உண்டா? சித்திரை விடுமுறையில் கூட்டாளிகளோடு இறம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்குச் சைக்கிள் மிதித்துப் போய் வந்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

எங்களில் பலர் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து கொழும்புக் கடைகளில் வேலை செய்பவர்கள். 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டு கிடந்தபோது வேலைக்குப் போவதற்காக வாங்கிய சைக்கிள்களைத்தான் லொறியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சித்திரையில் பின்னேரமானால் இடியோடு மழை வரும். அதனால் விடியும்போதே கிளம்பிவிட்டோம்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இறம்பொடை அதில் ஏறக்குறையப் பாதி. மீதி உயரம் முழுவதையும் லபுக்கலை வழியாக வளைந்து வளைந்து கால்களால் ஏற வேண்டும். 109 மீற்றர் விழும் இறம்பொடை அருவியைப் பிறந்த நாள் முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதன் எதிரே வெறுமனே நின்று பார்த்தது அன்றுதான். பலமுள்ளவன் முன்னால் போய், ஒவ்வொரு வளைவிலும் மற்றவர்களுக்காகக் காத்திருந்தான்.

அப்படி ஒரு வளைவில் இளைப்பாறியபோது, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கேட்டார்: “ஏந் தம்பி, பஸ் இல்லையா?”

“பஸ் இருக்கும்மா. சும்மா மலையப் பார்த்துக்கிட்டுப் போறோம்.”

“இந்த மலையில பார்க்க என்னா இருக்கு?”

அதில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். அவருக்கு மலை என்றால் சரிவு, அட்டைக்கடி, மாலையில் தராசு. சொன்ன கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். பேர் போடாத, கணக்கில் ஏறாத நாள் வீணான நாள் என்பதைத் தோட்டம் தலைமுறை தலைமுறையாக எங்களுக்குக் கற்பித்திருக்கிறது. சீசன் காலத்தில் வேன்களில் வருகிறவர்கள் இதே சரிவில் நின்று படம் எடுக்கிறார்கள். அந்தப் பச்சையை நட்டு, கவ்வாத்து வெட்டி, பேணி வளர்த்தவர்களுக்கு அதை நிமிர்ந்து பார்க்கவும் நேரமில்லை.

அந்த அம்மா கூடை சுமக்கையில் நாம் ரசிப்பது தகுமா என்று ஒருவர் கேட்கலாம். நாம் கண்ணை மூடிக்கொள்வதால் அந்தக் கூடையின் பாரம் குறைந்துவிடாது. சம்பளத்துக்கும் காணிக்கும் வீட்டுக்குமான போராட்டம் நடந்தே ஆக வேண்டும். மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைத்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நம் மக்கள் நடந்தார்களே, முன்னோர் சுமையோடு வந்த அந்த வழியில் அவர்கள் கேட்டதெல்லாம் மனிதராக வாழும் உரிமைதான். ஒரு நாளாவது சுமையில்லாமல் தன் மண்ணைப் பார்த்து மகிழ்வதும் அந்த உரிமையில் அடங்கும். வயிற்றுக்குப் போதுமான கூலி கிடைத்த பிறகு கேட்க வேண்டியதென்று அதைத் தள்ளிவைக்கக் கூடாது. 1948இல் அரசு நம்மவர் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்து, இந்த மண் உங்களுடையதல்ல என்றது. அதை ஆசையோடு பார்ப்பதும் இது எங்களுடையது என்று சொல்லும் ஒரு வழி.

அடுத்த விடுமுறையில் உங்கள் பிள்ளைகளைப் பக்கத்து மலைக்காவது கூட்டிப் போங்கள். சைக்கிள் இல்லாவிட்டால் நடந்து போங்கள். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்த அம்மாவையும் அழைத்துக்கொள்ளுங்கள். அந்த மலையைப் பார்க்க முதல் உரிமை அவருக்குத்தான்.